இருபதுக்கு ஒன்பது

உங்கள் ஸ்டேஷன் மேசைக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர்கள் இரண்டும் இடம் வலம் மாற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. முந்தாநாள் நீங்களும் உங்கள் ஆளும் ஏதோ காணொளி பார்த்தபோது கவனித்தேன். திரையில் லாரி இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போனது, சத்தம் வலப்பக்கமிருந்து இடப்பக்கம் வந்தது. இருவரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மாற்றி வைக்க அரை நிமிடம் ஆகாது. குறையாகச் சொல்லவில்லை. முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் காலத்தை ஓட்டுகிறார்கள், அவர்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை.

நீங்கள் கேட்டது அந்த ஒற்றைத் தாளைப் பற்றி. பதினேழு வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள். உங்கள் ஆள் அதை மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, என் கம்ப்யூட்டரின் கடிகாரம் பழுது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிகாரம் சரியாக ஓடுகிறது. அந்த நேரங்களைக் குறிக்கும் நிரலை எழுதியவன் நான், அதில் பழுது கிடையாது. என்னை எழுதித் தரச் சொன்னது நல்லதாகப் போயிற்று. வாயால் சொன்னால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை, "அப்படின்னா?" என்று கேட்கிறீர்கள்.

நான் கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டவன். துரத்தவில்லை, நானே விட்டேன். கம்ப்யூட்டரைப் பற்றிப் பாடம் எடுத்தவருக்குத் தன் மடிக்கணினியில் சத்தம் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. வகுப்பில் எழுந்து போய் நான்தான் சரிசெய்தேன். அதற்கு அவர் சொன்ன நன்றி, என் வருகைப் பதிவில் ஒரு நாளைக் குறைத்ததுதான். அதன்பின் அங்கே உட்கார எனக்குக் காரணம் தெரியவில்லை. இப்போது பெரிய பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு வைத்துக் காக்கும் ஒரு கட்டடத்தில் இரவு வேலை. பத்து மணிக்குப் போனால் காலை ஆறு வரை. விளக்கு சிவப்பானால் போய் வட்டைக் கழற்றி வேறு போட வேண்டும். ஆகாதபோது சும்மா உட்கார வேண்டும். ஆறு வருடங்களாக நானூறு மின்விசிறிகளின் இரைச்சலில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மனிதர்கள் இல்லாத இடம், அதனால் பிடித்திருந்தது.

என்னிடம் முப்பத்தோராயிரம் பாட்டுகள் இருக்கின்றன. எல்லாம் ஃப்ளாக். எம்பி3 என்பது எலும்பை எடுத்த மீன் மாதிரி என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை, மீனை எடுத்துவிட்டு எலும்பை வைத்திருப்பது. கோப்பு சிறிதாக வேண்டும் என்பதற்காக, "இது உன் காதுக்குக் கேட்காது" என்று எவனோ ஒருவன் முடிவு செய்து ஒலியின் ஒரு பகுதியைத் தூக்கி எறிந்திருப்பான். ஃப்ளாக்கில் எதுவும் எறியப்படவில்லை. வட்டில் என்ன பதிந்ததோ அது அப்படியே இருக்கும். என் காதுக்கு எது கேட்கும் என்று அடுத்தவன் சொல்வதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

என் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ். காசு கொடுத்து வாங்கும் எதையும் நான் நம்புவதில்லை. காசு வாங்காமல் செய்பவர்களை அதைவிடக் கொஞ்சம் கம்மியாகத்தான் நம்புகிறேன். பாட்டுப் பெட்டி நிரல்கள் என்று ஐம்பது வைத்திருக்கிறார்கள். ஒன்றில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வெறும் கட்டங்களாகத் தெரியும். இன்னொன்று ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் அரை வினாடி செத்துப்போகும். நேரடிக் கச்சேரிப் பதிவில் கைதட்டலுக்கு நடுவே அப்படிச் செத்தால், யாரோ கூட்டத்தின் வாயைப் பொத்தித் திறந்த மாதிரி இருக்கும். மூன்றாவது ஒன்று என் முப்பத்தோராயிரத்தையும் இரண்டு நாள் எண்ணிவிட்டு, எல்லாவற்றையும் பாடியவர் 'தெரியாதவர்' என்று அறிவித்தது. உள்ளதில் நன்றாக இருந்த ஒன்றை எழுதிய இருவரும், பொத்தானின் நிறம் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இணையத்தில் உதவி கேட்டால் ஒருவன் வந்து, "எந்தப் பதிப்பு?" என்பான். சொன்னால், "புதுசுக்கு மாறு" என்பான். மாறினால் இருந்த சத்தமும் போகும். திரும்பக் கேட்டால், "எனக்கு வேலை செய்யுதே" என்பான். இந்த மூன்று சொற்களுக்காக எவனையாவது உள்ளே வைக்கச் சட்டம் இருந்தால் உங்களுக்கும் உபயோகமாக இருக்கும்.

கடைசியில் திரையும் படமும் இல்லாத ஒரு சின்ன நிரலைப் பிடித்தேன். எழுத்தில் கட்டளை கொடுத்தால் பாடும், வேறொன்றும் தெரியாது. அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா, அத்தான், அப்பா, நான். மாடியில் மூன்று அறைகள். அக்கா பல் மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் உட்கார்ந்து வருபவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறாள். அத்தான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். "இது தெளிவா இருக்கா, அதுவா? இதுவா, அதுவா?" என்று நாளெல்லாம் கேட்கும் தொழில். வீட்டிலும் அந்தக் குரலில்தான் பேசுவார்.

அப்பா பேருந்து நிலையத்தில் நேரம் அறிவிப்பவராக இருந்தார். முப்பது வருடம் ஊரே அவர் குரலைக் கேட்டது, ஒரு சொல்லும் ஒருவருக்கும் புரிந்ததில்லை. அந்தக் கூம்பு ஒலிபெருக்கி அப்படி. போன வருடம் தொண்டையில் கட்டி என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு, அதில் குழாய் வைத்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். வாயும் மூக்கும் அதன்பின் சும்மா அலங்காரம். பேச்சு கிடையாது, முனகல்கூடக் கிடையாது. சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

அந்தக் குழாயில் சளி வந்து அடைக்கும். அடைத்தால் உறிஞ்சும் இயந்திரத்தின் மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். அரை நிமிட வேலை. மருத்துவமனையில் எங்கள் மூவருக்கும் கற்றுக் கொடுத்தார்கள். செவிலி என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்: "பகல்ல நீங்கதானே இருப்பீங்க? அவரால கத்த முடியாது. அதை ஞாபகம் வச்சுக்குங்க. கூப்பிட்டா உடனே போகணும். அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போறது போகாததுக்குச் சமம்." நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன். எனக்கு ஞாபகசக்தியில் குறை கிடையாது.

காலை எட்டரைக்கு அக்காவும் அத்தானும் கிளம்புவார்கள். நான்கு மணிக்கு அக்கா வருவாள். இடையில் அப்பா என் பொறுப்பு. நான்கு முதல் ஒன்பது வரை தூங்குவேன். இந்த ஏற்பாட்டை நான் எதிர்க்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தான், கடையில் விற்கும் கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றை வாங்கி வந்தார். பத்தாவது நாள் செத்தது. இன்னொன்று வாங்குவதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அப்பா கட்டிலருகே ஒரு பொத்தானைப் பொருத்தி, சுவரில் துளையிட்டு வயரை என் அறைக்குக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் இணைத்தேன். பொத்தானை அழுத்தினால் என் ஸ்பீக்கரில் மணி அடிக்கும். பன்னிரண்டு வரி நிரல். அழுத்திய நேரம் ஒரு கோப்பில் எழுதப்படும், ஒலித்த நேரமும் எழுதப்படும். இதெல்லாம் யாரும் கேட்கவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை.

மணிச்சத்தம் என்றால் எனக்கு எழவே தோன்றாது என்று அக்கா கிண்டல் செய்து, தன் போனில் தன் குரலையே பதிந்து கொடுத்தாள். "டேய், அப்பா கூப்பிடுறாருடா. எந்திரி." நான்கு வினாடி. அந்தப் போன் கோப்பு எந்த வகை என்று லினக்ஸுக்கே தெரியவில்லை. அதைத் திறக்கும் துணை நிரல் ஒன்றைத் தேடிப் பிடிக்க ஒரு பகல் போனது. திறந்தால், தண்ணீர்க் குழாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். அப்படியே வைத்தேன். அப்பா அவசரத்தில் இரண்டு மூன்று முறை அழுத்தினால் அவள் குரல் தன்மேலேயே ஏறிப் பேசியது, அசிங்கமாக இருந்தது. அதனால் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும்படி திருத்தினேன். ஒன்று முடிந்த பின்தான் அடுத்தது. எத்தனை காத்திருக்கின்றன என்று திரை மூலையில் ஒரு சின்ன எண் தெரியும்.

ஐந்து மாதம் அந்த மணி ஒருநாளும் தவறவில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் ஆளுக்குப் புரியாத இடம். லினக்ஸில் ஒலி வெளியே போக ஒரே வாசல்தான், ஒலி அட்டை. பாட்டு, மணி, போன் அழைப்பு என்று பல நிரல்கள் ஒரே நேரத்தில் பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு கலப்பு நிரல் உட்கார வேண்டும். அது எல்லாவற்றையும் வாங்கி, ஒரே அளவுக்கு வெட்டி ஒட்டி, கலக்கி, வாசலுக்கு அனுப்பும். அந்த வெட்டி ஒட்டுதலில் என் பாட்டு கெடுகிறது. எறியாமல் காத்து வைத்ததையெல்லாம் கடைசி அடியில் எவனோ தொட்டுவிடுகிறான். அக்காவின் நான்கு வினாடி தண்ணீர்க்குழாய்க் குரலுக்காக முப்பத்தோராயிரம் பாட்டும் அந்தக் கலப்பு வழியாகப் போக வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் இதை விளக்கினேன். அத்தான் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அது உனக்குக் கேக்குதா மச்சான்?"

"கேக்குது."

"எம்பி3-க்கும் இதுக்கும் வித்தியாசம் கேக்குமா?"

"அதெல்லாம் தூக்கத்துல சொல்லுவேன்."

"தூக்கத்துல வேணாம். முழிச்சுக்கிட்டே சொல்லு, போதும்," என்றார். கை கழுவிவிட்டு வந்து பரிசோதனை வைத்தார்.

அப்பாவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னதால் அவர் அறையில் நடந்தது. என் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தோம். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகள், ஒன்று ஃப்ளாக், மற்றது அதிலிருந்து எடுத்த எம்பி3. நான் ஹெட்போனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். அத்தான் காசைச் சுண்டிப் பார்த்து ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றைப் போட்டார். நான் எது என்று சொல்ல வேண்டும். அக்கா குறித்துக்கொண்டாள். இருபது முறை. "இதுவா, அதுவா?" என்று அதே கடைக் குரல்.

இருபதுக்கு ஒன்பது சரி.

"கண்ணு டெஸ்ட்ல இப்படி வந்தா நாங்க கண்ணாடி கொடுக்க மாட்டோம் மச்சான்," என்றார் அத்தான். "குச்சி கொடுத்து அனுப்பிடுவோம்."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா சிரித்ததுதான் விசேஷம். அவரிடம் சத்தம் இல்லை, தோள்கள் குலுங்கின. கழுத்துத் துளையிலிருந்து உஸ் உஸ் என்று காற்று வந்தது, பஞ்சரான டயர் மாதிரி. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. சிலேட்டை எடுத்து, அது முழுவதையும் நிரப்பும்படி 9 என்று எழுதி என் பக்கம் திருப்பினார்.

"எத்தனை மாசம் கழிச்சுச் சிரிக்கிறார் பாருடா," என்று அக்கா அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். "உனக்குப் புண்ணியம்டா."

மறுநாள் காலை மணி அடித்தது. போனேன். குழாயை உள்ளே விடும் முன் அவர் கையை உயர்த்தினார். ஒரு கையில் ஐந்து விரல், மறு கையில் நான்கு. நான் உறிஞ்சி எடுத்தேன். மத்தியானமும் அதே. மறுநாளும் அதே. சில சமயம் சளியே இருக்காது. ஒன்பது விரலைக் காட்டுவதற்காகவே கூப்பிட்டிருப்பார். தோள் குலுங்கும். தன் மூச்சுக்கு என் கையை நம்பிப் படுத்திருக்கும் ஒரு மனிதர், அந்தக் கை அருகில் வரும் நேரம் பார்த்து இதைச் செய்தார். அக்காவுக்கு இதைக் காட்டியதில்லை, அத்தானுக்கும் இல்லை. என்னிடம் மட்டும்தான். முப்பது வருடம் ஊரையே கூம்பு ஒலிபெருக்கியால் கொன்றவர், காதைப் பற்றி எனக்குச் சொல்ல வந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. யோசித்தேன். யோசித்ததில் காரணம் கிடைத்தது. பரிசோதனையன்றும் கலப்பு நிரல் நடுவில் இருந்தது. இரண்டு பிரதிகளையும் அது ஒரே மாதிரி கெடுத்திருக்கிறது. இரண்டு கண்ணாடியிலும் சேற்றைப் பூசிவிட்டு எது தெளிவு என்று கேட்டால் எப்படி? கலப்பை நீக்கிவிட்டுக் கேட்டிருந்தால் இருபதுக்கு இருபது வந்திருக்கும்.

நீக்கினேன். பாட்டு நிரல் நேரடியாக ஒலி அட்டையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். அப்படி எடுத்துக்கொண்டால், பாட்டு ஓடி முடியும்வரை வேறு எந்த நிரலுக்கும் வாசல் கிடையாது.

மணி என்னவாகும் என்று பார்த்தேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல. அப்பா தூங்கும்போது பாட்டைப் போட்டுவிட்டுப் போய் பொத்தானை அழுத்தினேன். சத்தம் இல்லை. திரை மூலையில் 1 என்று தெரிந்தது. பாட்டு முடிந்தது, அட்டையை விட்டது, அக்காவின் குரல் வந்தது. நான் எழுதிய வரிசை சரியாகக் காத்திருந்து சரியாக ஒலித்தது. எந்த அழைப்பும் தொலையவில்லை, தாமதமாக வந்தது, அவ்வளவுதான்.

பழைய நேரக் கோப்பை எடுத்து இரண்டு அழைப்புகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்தேன். சராசரியாக ஒரு மணி நாற்பது நிமிடம். நான் கேட்க விரும்பியது அதற்குள் அடங்குவது. சளியை எடுத்துவிட்டு வந்து உடனே போட்டால் இடைஞ்சல் இருக்காது. அத்தானிடம் சொல்லியிருந்தால், வேறொரு பத்துக் காசு மணியை வாங்கி மாட்டியிருப்பார். அவரிடம் போய் ஒலியைப் பற்றிப் பேச எனக்கு இனி எதுவும் இல்லை.

ஒன்பது நாள் இப்படி நடந்தது, ஒரு சிக்கலும் இல்லை. எண்ணிக்கை தற்செயல்.

அந்த வியாழக்கிழமை பதினொன்று பத்துக்கு அப்பாவுக்குச் சளி எடுத்தேன். இரண்டு கையையும் உயர்த்தினார், ஐந்தும் நான்கும். குழாயைத் துடைத்து வைத்தேன், டீ போட்டுக் குடித்தேன், கதவைச் சாத்தினேன். பதினொன்று முப்பத்தெட்டுக்குப் பாட்டைப் போட்டேன். வேலையிடத்தில் ஒருவனிடம் வட்டு மாற்றிக்கொண்டபோது கிடைத்த தனி வயலின் பதிவு. சின்ன அரங்கில் ஆட்களை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் ஐம்பத்து மூன்று நிமிடம் வாசித்தது.

அப்படியொரு ஒலியை நான் கேட்டதில்லை. வில் கம்பியைத் தொடும் முன் வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. நாற்காலி ஒன்று நகர்ந்தது. பதினைந்தாவது நிமிடத்தில் கூட்டத்தில் ஒருவர் இருமினார். மூன்றாவது வரிசை, இடப்பக்க ஓரம். கையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு இருமியது வரை தெரிந்தது.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு முடிந்தது. அப்பாவின் அறைக்குப் போனபோது அவர் பாதி கட்டிலிலும் பாதி வெளியிலுமாக இருந்தார். நேராகப் படுக்க வைத்து, கண்ணை மூடி, அக்காவுக்குப் போன் செய்தேன். "தூக்கத்துலயே போயிட்டார்," என்றேன். "பெல் அடிச்சாரா?" என்று கேட்டாள். "இல்லை," என்றேன். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இது எதிர்பார்த்ததுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

அது அப்படியே போயிருக்கும். எட்டு நாள் கழித்துக் கீழ்வீட்டுத் தையற்காரம்மா மாடிக்கு வந்து அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாவம், அன்னைக்கு நீ வீட்டுல இருந்தும் முடியலையேம்மா."

"நான் எங்கே இருந்தேன்? ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுத்துட்டிருந்தேன்."

"என்னம்மா சொல்றே. மிஷின நிறுத்திட்டுக் கேட்டேன். டேய், அப்பா கூப்பிடுறாருடா, எந்திரின்னு தம்பியப் போட்டுக் கத்திக்கிட்டிருந்தியே. ஒரு தடவையா, ரெண்டு தடவையா? அந்தப் புள்ளையும் எந்திரிக்கலையேன்னு எனக்கே ஆத்திரமா வந்துச்சு."

தையற்காரம்மா இறங்கிப் போனதும் அக்கா என் அறைக்கு வந்தாள்.

"பாட்டுப் போடு."

"எந்தப் பாட்டு?"

"அன்னைக்குப் போட்டது."

போட்டேன். அவள் அப்பாவின் அறைக்குப் போனாள். திரை மூலையில் 1 என்று வந்தது. திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"என் குரல் எங்கேடா?"

"பாட்டு முடிஞ்சதும் வரும்."

நான் பொய் சொல்லவில்லை. அவள் என் கட்டிலில் உட்கார்ந்தாள். ஐம்பத்து மூன்று நிமிடமும் உட்கார்ந்திருந்தாள். பாட்டைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை, அவளுக்குச் சங்கீதம் ஏறாது. முடிந்ததும் அவள் குரல் வந்தது. டேய், அப்பா கூப்பிடுறாருடா. எந்திரி. ஒரு முறை. எழுந்து போய் அத்தானுக்குப் போன் செய்தாள். அத்தான் வந்து கோப்பைத் தேடி எடுத்து அச்சடித்தார். அதுதான் உங்கள் மேசையில் இருக்கும் தாள்.

முதல் வரியில் பொத்தான் அழுத்திய நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு. பதினேழாவது வரியில் பன்னிரண்டு ஒன்பது. ஒலித்த நேரம் பதினேழுக்கும் பன்னிரண்டு முப்பத்தொன்றிலிருந்து, நான்கு நான்கு வினாடி தள்ளி. பாட்டு முடிந்ததும் பதினேழும் வரிசையாக வந்தன. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. நடுவில் எழுந்து போகவில்லை, முழுவதும் கேட்டேன். கலப்பு இல்லாமல் நேரடியாக வந்ததில் அந்தத் தண்ணீர்க்குழாய்க் குரல்கூடச் சுமாராக இருந்தது.

நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள், "உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று. திரை மூலையில் எண் இருந்தது என்று சொன்னேனே. திரை என் கண்ணுக்கு இரண்டு அடி தூரத்தில் இருந்தது. இருமலுக்கு முன்னால் 1 வந்தது. பார்த்தேன். பாட்டை நிறுத்த ஒரு விசை போதும். நிறுத்தினால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும், எழுந்து போனால் அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். அதனால் உட்கார்ந்திருந்தேன். 2 வந்தது, 3 வந்தது, பிறகு வேகமாக வந்தன. 9 வந்தபோது இங்கேயும் அதைத்தான் காட்டுகிறார் என்று சிரிப்பு வந்தது. 9 கொஞ்ச நேரம் நின்றது. பிறகு 10 வந்தது. அப்போதுதான் அவர் விளையாடவில்லை என்று உறுதியாயிற்று. விளையாட்டென்றால் ஒன்பதோடு நிறுத்தியிருப்பார்.

10 வந்தபோதும் பாட்டை நிறுத்தியிருக்கலாம். 17-ல் எண் நின்றுவிட்டது. அதன் பின் இருபத்திரண்டு நிமிடம் பாட்டு இருந்தது. அந்த இருபத்திரண்டு நிமிடமும் வீட்டில் வேறு ஒரு சத்தமும் இல்லை.

இதுதான். எழுதியதைப் படித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். நான்தான் செய்தேன். பழுது எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. நேற்று உங்கள் ஆளுக்குப் பதிலாக ஒரு பெண்ணை அழைத்து வந்தீர்கள். அவள் அந்த வயலின் கோப்பைப் படமாக வரைந்து காட்டினாள். மேல்பகுதி முழுவதும் கத்தியால் சீவிய மாதிரி காலி. இது எம்பி3-ஆக இருந்தது, யாரோ அதைப் பெரிய பெட்டியில் போட்டு ஃப்ளாக் என்று பெயர் ஒட்டியிருக்கிறார்கள், எறிந்தது எறிந்ததுதான், திரும்பி வராது என்றாள். அவளுக்கு வயது இருபத்தைந்து இருக்கும். படத்தைப் பார்த்துப் பேசுகிறாள். நான் காதால் கேட்டவன். மூன்றாவது வரிசை, இடப்பக்க ஓரம்.

அதனால் அத்தானிடம் சொல்லி அனுப்புங்கள். கம்ப்யூட்டரை இங்கேயே கொண்டுவரட்டும், காசையும் அவரே சுண்டட்டும். இருபது முறை போடட்டும். இப்போது நடுவில் மணி இல்லை.